க்ளூஸோ: தண்டித்தது ஒன்றுக்கு, தப்பவிட்டது இன்னொன்றுக்கு

பழைய ரீல் எழுதியது:

ஹிட்ச்காக் இழையில் யாரோ ‘லே தியாபொலிக்’ படத்தை ஹிட்ச்காக் கணக்கில் சேர்த்துவிட்டுப் போனார்கள். நான் திருத்தப்போய், அங்கே இரண்டு பக்கம் வேறு பேச்சு ஓடியது. தனி இழை போடுங்கள் என்று மட்டுறுத்துநர் விரட்டினார். போட்டாச்சு.

அந்தப் படத்தை எடுத்த பிரெஞ்சு இயக்குநர் ஆன்ரி-ஜார்ஜ் க்ளூஸோ. 1907 நவம்பர் 20-இல் மேற்குப் பிரான்சில் நியோர் என்ற ஊரில் பிறந்தவர். அப்பா புத்தகக்கடை வைத்திருந்தார். கடை நொடித்துப்போய், குடும்பம் பிரெஸ்ட் துறைமுகத்துக்குக் குடிபெயர்ந்தது. பையனுக்குக் கடற்படையில் சேர ஆசை. கிட்டப்பார்வையால் அது நடக்கவில்லை. பாரிஸுக்கு வந்து பத்திரிகை, பாட்டு, வசனம் என்று கிடைத்த வேலையெல்லாம் செய்தார். பிறகு பெர்லின். ஜெர்மன் படங்களுக்குப் பிரெஞ்சுப் பதிப்பு தயாரிக்கும் வேலை. ஜெர்மன் இயக்குநர்கள் முர்னாவையும் ஃப்ரிட்ஸ் லாங்கையும் உள்வாங்கிக்கொண்டது அங்கேதான். 1934-இல் யூதத் தயாரிப்பாளர்களோடு நட்பு வைத்திருந்தார் என்று அந்த வேலை போனது. அடுத்த வருஷம் காசநோய். நாலு வருஷத்துக்கு மேல் சானடோரியத்தில்.

அவர் மேல் இரண்டு வழக்குகள் உண்டு என்பது என் கட்சி. ஒன்று, ஜெர்மன் ஆக்கிரமிப்புக் காலத்தில் ஜெர்மன் கம்பெனிக்குப் படம் எடுத்தது. அதற்கு விசாரணை நடந்தது, தீர்ப்பு வந்தது, தண்டனையையும் அனுபவித்தார். இரண்டாவது, படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்களை அடித்தது, வதைத்தது. அதற்கு எந்தக் கமிட்டியும் உட்காரவில்லை. படம் நன்றாக வந்திருக்கிறதே என்று கைதட்டிவிட்டுப் போய்விட்டார்கள். முதல் வழக்கில் சாட்சியம் பலவீனம், இரண்டாவதில் சாட்சியம் கொட்டிக் கிடக்கிறது. நடந்ததோ தலைகீழ்.

சண்டைக்கு வரலாம்.

---

மேகலா எழுதியது:

நான் அவருடைய ஒரே ஒரு படம்தான் பார்த்திருக்கிறேன், ‘லே தியாபொலிக்’. குளியல்தொட்டிக் காட்சிக்குப் பிறகு கொஞ்ச நாள் வாளியில் தண்ணீர் எடுத்துக் குளித்தவள் நான்.

சார், ஜெர்மன் கம்பெனி விஷயம் எனக்குச் சுத்தமாகத் தெரியாது. கொஞ்சம் விரிவாக எழுதுங்களேன்.

---

பழைய ரீல் எழுதியது:

1940-இல் ஜெர்மனி பிரான்சைப் பிடித்த கையோடு, ஹிட்லரின் பிரச்சார அமைச்சர் கோயபல்ஸின் ஆளுகைக்குக் கீழ் பாரிஸில் ஒரு படக்கம்பெனி தொடங்கியது: கான்டினென்டல் ஃபிலிம்ஸ். பிரெஞ்சு நடிகர்கள், பிரெஞ்சு மொழி, ஜெர்மன் பணம். தலைவர் ஆல்ஃப்ரெட் க்ரெவன். ஆக்கிரமிப்பு முடிவதற்குள் 30 படங்கள். பிரெஞ்சுக்காரர்களுக்குப் பொழுதுபோக்குப் படம் போதும் என்பது கோயபல்ஸின் எண்ணம். க்ரெவனுக்கு அதைவிடப் பெரிய ஆசை. நல்ல கலைஞர்களை வளைத்துப்போட்டுத் தரமான படங்கள் எடுக்கப் பார்த்தார்.

க்ளூஸோவுக்கு அவரை பெர்லின் நாட்களிலேயே பழக்கம். சானடோரியத்திலிருந்து வந்தவர் கையில் காசில்லை, வேலையில்லை. முதலில் திரைக்கதை எழுதினார். பிறகு கம்பெனியின் திரைக்கதைப் பிரிவுக்கே தலைவரானார். 1942-இல் முதல் படம், ‘லாஸாஸன் அபித் ஓ 21’. துப்பறியும் கதை, நல்ல நகைச்சுவை, யாருக்கும் வம்பில்லை. வம்பு 1943-இல் வந்தது: ‘ல கோர்போ’.

ஒரு சின்ன ஊர். ஊரிலுள்ள பெரிய மனிதர்களுக்கெல்லாம் வரிசையாக மொட்டைக் கடிதங்கள் வருகின்றன. கீழே ‘காக்கை’ என்று கையெழுத்து. டாக்டர் கருக்கலைப்பு செய்கிறார், இன்னார் மனைவியோடு தொடர்பு, இன்னாருக்குப் புற்றுநோய் என்று ஒவ்வொன்றாய் அவிழ்கிறது. கதையின் கரு உண்மை. 1917-லிருந்து 1922 வரை துல் என்ற ஊரில் இப்படி ஒரு பெண் எழுதி ஊரையே ஆட்டிவைத்திருக்கிறாள். லூயி ஷவான்ஸ் இந்தத் திரைக்கதையைப் போருக்கு முன்பே எழுதிவிட்டார். ஆனால் படம் வெளிவந்தது 1943-இல். பிரெஞ்சுக்காரர்கள் அண்டை வீட்டாரைப் பற்றி ஜெர்மானியருக்கு மொட்டைக் கடிதம் எழுதிக் குவித்துக்கொண்டிருந்த நேரம் அது!

விளைவு? கத்தோலிக்க அமைப்பு பார்க்கக் கூடாத படம் என்றது. ஜெர்மனியோடு ஒத்துப்போன விஷி பிரெஞ்சு அரசின் ஆதரவாளர்கள் ஒழுக்கக்கேடு என்றார்கள். தலைமறைவு எதிர்ப்பியக்கப் பத்திரிகை, பிரெஞ்சுக்காரனை இழிவுபடுத்தி ஜெர்மானியனுக்கு உதவும் படம் என்றது. எலியும் பூனையுமாக இருந்த மூன்று தரப்பும் ஒரே படத்தைத் திட்டின. படம் வெளிவந்த சமயத்திலேயே க்ளூஸோ கான்டினென்டலை விட்டு வெளியேறிவிட்டார்.

1944-இல் விடுதலை. நாயகன் பியர் ஃப்ரெனேயைச் சில வாரம் உள்ளே வைத்தார்கள். நாயகி ஜினெத் லெக்லெர்க் அதைவிட நீண்ட காலம் சிறையில். க்ளூஸோவுக்கு ஆயுள் முழுவதும் படம் எடுக்கத் தடை. இயக்குநர்கள் கார்னே, ரெனே க்ளேர், எழுத்தாளர்கள் கோக்தோ, சார்த்ர் போன்றவர்கள் அவருக்காகப் பேசிய பிறகு அது இரண்டு வருஷமாகக் குறைந்தது.

---

வக்கீல் சேகர் எழுதியது:

ரீல் சார் நன்றாகத்தான் வழக்காடுகிறார். ஆனால் கட்சிக்காரருக்குச் சாதகமான தாள்களை மட்டும் மேலே அடுக்கியிருக்கிறார்.

க்ளூஸோ வெறும் கூலி எழுத்தாளர் இல்லை, ஒரு பிரிவின் தலைவர். எந்தக் கதை படமாக வேண்டும் என்பதில் அவர் வார்த்தைக்கு எடை இருந்தது. அப்போது அவரோடு வாழ்ந்த சூசி தெலேர், 1942-இல் ஜெர்மானியர் ஏற்பாட்டில் பெர்லினுக்குப் போன நடிகர் குழுவில் இருந்தவர். அதே கம்பெனியின் முதல் படத்தில் நடித்த ஹாரி பவுரை நாஜி ரகசியப் போலீஸ் கெஸ்டபோ பிடித்துச் சித்திரவதை செய்தது, 1943-இல் இறந்துபோனார். யாரிடம் சம்பளம் வாங்குகிறோம் என்று தெரியாமல் யாரும் அங்கே இருந்திருக்க முடியாது. இயக்குநர் ஜான் ரெனுவார் அமெரிக்கா போய்விட்டார். க்ளேரும் போய்விட்டார்.

‘எதிரி முகாமில் உட்கார்ந்து நல்ல படம் எடுத்தேன்’ என்பது வாதமாகாது. நல்ல படம் என்பது தணிப்புக் காரணம். விடுதலைக்கான காரணம் இல்லை. ஆயுள் தடை அதிகம்தான். இரண்டு வருஷம் எனக்கு நியாயமாகப் படுகிறது.



---

பழைய ரீல் எழுதியது:

> ரெனுவார் அமெரிக்கா போய்விட்டார். க்ளேரும் போய்விட்டார்.

போக முடிந்தவர்கள் போனார்கள். ரெனுவாருக்கு உலகப் பெயர் இருந்தது. நாலு வருஷம் நுரையீரலோடு மல்லுக்கட்டிவிட்டு வந்தவனுக்கு, அதுவரை ஒரு முழுநீளப் படம்கூடச் சொந்தமாக இயக்காதவனுக்கு, ஹாலிவுட்டில் யார் நாற்காலி போடுவார்கள்?

கான்டினென்டலில் இருந்தவர்கள் எல்லாம் ஒரே ரகமும் இல்லை. ஜான்-போல் ல ஷனுவா யூதர், கம்யூனிஸ்ட், எதிர்ப்பியக்கத்தில் இருந்தவர். அவரும் அங்கேதான் திரைக்கதை எழுதிக்கொண்டிருந்தார். க்ரெவனுக்கு அவர் யாரென்று தெரிந்தே இருந்தது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. கான்டினென்டல் படங்கள் விஷி தணிக்கைக்குப் போக வேண்டியதில்லை. மற்ற பிரெஞ்சுத் தயாரிப்பாளர் எவரும் அந்த வருஷத்தில் கருக்கலைப்பையும் கள்ளக்காதலையும் இப்படித் திரையில் காட்டியிருக்க முடியாது. ‘உழைப்பு, குடும்பம், தாய்நாடு’ என்று விஷி அரசு ஜபித்துக்கொண்டிருந்தபோது, அந்தக் குடும்பத்துக்குள் அழுகல் எங்கே என்று காட்டிய படத்துக்குக் காசு கொடுத்தது ஜெர்மன் கம்பெனி. சேகர் சார், இதை எந்தப் பிரிவில் சேர்ப்பீர்கள்?

இன்னொன்று. அந்தப் படத்தைப் பெயர் மாற்றி, பிரெஞ்சுக்காரன் இப்படித்தான் என்று ஜெர்மனியில் ஓட்டினார்கள் என்று எதிர்ப்பியக்கத்தினர் எழுதினார்கள். அது நடக்கவேயில்லை.

---

குமரன் பாரிஸ் எழுதியது:

வணக்கம். கனநாளாய் வாசிக்கிறன், எழுதுறது குறைவு.

2017 கடைசியில இஞ்ச திரைப்படக் காப்பகம் சினிமாதெக்கில க்ளூஸோவின்ர படங்கள் எல்லாம் திரும்பப் போட்டவை, கண்காட்சியும் வைச்சவை. ‘ல கோர்போ’ அப்பதான் பெரிய திரையில பாத்தன். எனக்குப் பக்கத்தில ஒரு வயசான பிரெஞ்சு அம்மா. படம் முடிஞ்சு விளக்குப் போட்ட பிறகும் அவ எழும்பேல்லை. அந்தத் தலைமுறைக்கு அது வெறும் மர்மக்கதை இல்லை எண்டு விளங்கிச்சு. காட்டிக்குடுக்கிறது எண்டா என்னெண்டு எங்கட ஆக்களுக்கும் ஆரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை.

ரீல் அண்ணை அந்த விளக்குக் காட்சியச் சொல்லேல்லை. மனநல மருத்துவர் வோர்ஸே மேல தொங்கிற பல்பைத் தள்ளிவிடுறார். அது ஆட, வெளிச்சம் ஒருக்கா இவர் முகத்தில, ஒருக்கா மற்றவர் முகத்தில. நன்மை ஒரு பக்கம் தீமை ஒரு பக்கம் எண்டு நினைக்கிறியே, இப்ப எல்லை எங்க இருக்கு எண்டு கேக்கிறார். இளம் டாக்டர் பல்பைப் பிடிச்சு நிப்பாட்டப் பாக்கிறார். கை சுட்டுப்போடும். பெரிய தத்துவம் பேசின உடன விரலைச் சுடுறது, அதுதான் க்ளூஸோ.

சேகர் அண்ணை கேக்கிறதும் பிழையில்லை. ஆனா தீர்ப்புச் சொன்ன கமிட்டிக்காரர் கோவப்பட்டது அவர் சம்பளம் வாங்கினதுக்கோ, இல்லாட்டி அவையளின்ர முகத்தைக் காட்டினதுக்கோ? கான்டினென்டலில கனபேர் படம் எடுத்தவை. எல்லாருக்கும் ஆயுள் தடை விழேல்லை.

---

வக்கீல் சேகர் எழுதியது:

குமரன், கடைசிக் கேள்வி வலுவான கேள்வி. ஒரே குற்றத்துக்கு ஆளுக்கொரு தண்டனை என்றால் அது தீர்ப்பே இல்லை, பழிவாங்கல். அதை ஒத்துக்கொள்கிறேன். இரண்டு வருஷம் நியாயம் என்ற இடத்திலிருந்து மட்டும் நான் நகரவில்லை.

---

கத்திரி எழுதியது:

விசாரணைக் கமிஷன் முடிந்துவிட்டதா? யாராவது சினிமாவைப் பற்றிப் பேசலாமா?

‘ல சலேர் த லா பேர்’, 1953. கதை ஒரு வரி. தென் அமெரிக்காவில் எங்கோ ஒரு பொட்டல் ஊர், போக வழியில்லாமல் சிக்கிக்கிடக்கும் ஐரோப்பியர்கள். தூரத்தில் எண்ணெய்க் கிணறு பற்றி எரிகிறது. அணைக்க நைட்ரோகிளிசரின் வேண்டும். இரண்டு லாரி, நாலு பேர், ஆளுக்கு 2000 டாலர். வண்டி குலுங்கினால் ஆள் இல்லை.

நான் எடிட்டிங் மேசையில் உட்கார்ந்து பிழைப்பவன். இந்தப் படத்தில் நான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கும் இடம் பெரிய விபத்துக் காட்சி இல்லை. மாரியோவும் ஜோவும் பின்னால் வரும் லாரியில். ஜோ சிகரெட் சுருட்டுகிறான். காகிதத்தில் புகையிலை. திடீரென்று ஒரு காற்று வந்து புகையிலையை அப்படியே ஊதித் தள்ளுகிறது. அவன் குனிந்து பார்க்கிறான். ஒளி. அதற்குப் பிறகுதான் சத்தம். முன்னால் போன லாரி இல்லை, இரண்டு பேர் இல்லை. நாம் வெடிப்பையே பார்க்கவில்லை! ஒரு சிட்டிகைப் புகையிலையை வைத்து இரண்டு மனிதர்களைக் காணாமல் ஆக்கியிருக்கிறார். இன்று இதே காட்சியைக் கொடுத்தால் பத்துக் கேமரா வைத்துத் தீப்பிழம்பைத்தான் காட்டுவார்கள்.

லாரி புறப்படவே ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். அதுவரை ஊரில் ஈ, வெயில், கடன், குடி. பலர் இந்தப் பாதியை இழுவை என்பார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்த ஊரிலிருந்து தப்பிக்கச் சாவும் பரவாயில்லை என்று நமக்கே தோன்ற வைக்காவிட்டால், நாலு பேர் அந்த வண்டியில் ஏறுவதை நம்ப முடியாது. அமெரிக்காவில் வெளியிட்டபோது இந்தப் பகுதியில்தான் கத்தி வைத்தார்கள். எண்ணெய்க் கம்பெனியைத் திட்டும் இடங்கள் அங்கே அதிகம்.

படம் முழுக்க எடுத்தது தெற்குப் பிரான்சில். மூங்கில் காடு கூட அந்துஸ் அருகே உள்ள தோட்டம்தான். 1951-இல் தொடங்கினார்கள். விடாத மழை. பளுதூக்கும் கிரேன்கள் சாய்ந்தன, க்ளூஸோவுக்குக் கணுக்கால் முறிந்தது, மனைவி வேராவுக்கு உடம்பு முடியாமல் போனது. பாதியில் நின்று, மறுவருஷம் கோடையில்தான் முடிந்தது. ஜோ வேடத்துக்கு முதலில் ஜான் கபானைக் கேட்டார்கள். கோழையாக நடிக்க மாட்டேன் என்று மறுத்தார். ஷார்ல் வனேல் ஒத்துக்கொண்டார், கான் விழாவில் பாராட்டும் வாங்கினார். அதே வருஷம் படத்துக்குக் கானில் பெரிய பரிசு, பெர்லினில் தங்கக் கரடி. பிரான்சில் ஏறத்தாழ 70 லட்சம் டிக்கெட். விழாவுக்காரனும் பார்த்தான், லாரி ஓட்டுபவனும் பார்த்தான்.

---

குமரன் பாரிஸ் எழுதியது:

கத்திரி அண்ணை, அந்த ஊர் செட் எங்க போட்டவை எண்டு தெரியுமோ? கமார்க் பக்கம், ஆர்லுக்குக் கிட்ட சலியே எண்ட இடம். போர்க்காலத்தில விஷி அரசாங்கம் ஜிப்சி ஆக்களைக் குடும்பம் குடும்பமாய் அடைச்சு வைச்ச முகாம் அது. அந்தக் கட்டடங்களைத்தான் பிறகு ‘தென் அமெரிக்க ஊர்’ ஆக்கினவை. இப்ப முகாமும் இல்லை, செட்டும் இல்லை. நினைவுச் சின்னம் ஒண்டு இருக்கு.

---

கத்திரி எழுதியது:

இது தெரியாது குமரன். அந்த முதல் ஒரு மணி நேரத்தை இனி வேறு மாதிரிதான் பார்க்க முடியும்.

---

மேகலா எழுதியது:

ரீல் சார் தொடங்கிய இரண்டாவது வழக்குக்கு வரலாமா? எல்லோரும் வசதியாக முதல் வழக்கிலேயே நிற்கிறீர்கள்.

இந்த இழைக்காகத் தேடி வாசித்தேன். ‘கே தெ ஓர்ஃபெவ்ர்’ படத்தில் பெர்னார் ப்ளியேயை அறைந்திருக்கிறார். சூசி தெலேரையும் அறைந்திருக்கிறார். அந்த அம்மா அதற்கென்ன, மற்றவர்களையும்தான் அறைந்தார் என்று பின்னால் சொன்னதாக வாசித்தேன். ‘லே தியாபொலிக்’கில் சிமோன் சிக்னோரேவுக்கு எட்டு வார ஒப்பந்தம், வேலை வாங்கியது பதினாறு வாரம், சம்பளம் எட்டு வாரத்துக்கு மட்டும். ஒப்பந்தத்தின் பொடி எழுத்தை அவர் படிக்கவில்லையாம்.

1960-இல் ‘லா வெரித்தே’. பிரிஜித் பர்தோவை அழ வைக்க அறைந்தார், மிதித்தார் என்கிறார்கள். தலைவலி மாத்திரை கேட்டவருக்குத் தூக்க மாத்திரை கொடுத்து, பிறகு வயிற்றைக் கழுவ வேண்டி வந்ததாகவும் சொல்லப்படுகிறது. அந்த வருஷம் செப்டம்பரில், தன் பிறந்தநாளன்று, பர்தோ தற்கொலைக்கு முயன்றார். அதற்குப் பல காரணங்கள் இருந்திருக்கும், எல்லாவற்றையும் க்ளூஸோ தலையில் கட்டவில்லை. ஆனால் அந்தப் படம்தான் பர்தோவின் ஆகச்சிறந்த நடிப்பு என்று எல்லோரும் எழுதுகிறார்கள். அந்தப் பாராட்டைப் படிக்கும்போது எனக்குக் கூசுகிறது.

பிறகு வேரா. ‘லே தியாபொலிக்’கில் இதய நோயாளியாக நடிக்கிறார். நிஜத்திலும் அவருக்கு இதய நோய். 1960 டிசம்பரில் பாரிஸ் ஓட்டல் ஒன்றில் மாரடைப்பால் இறந்தார். ‘லா வெரித்தே’ வெளியாகி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அதன் திரைக்கதையில் அவர் பங்கும் உண்டு. நடித்தது மொத்தம் மூன்று படம், மூன்றும் கணவருடையது.

---

சினிமாப்பித்தன் எழுதியது:

மேதைகள் எல்லாம் அப்படித்தான் மேடம். முட்டை உடைக்காமல் ஆம்லெட் போட முடியாது. பால் குடிக்கிற பிள்ளைகளை வைத்துக் கிளாசிக் எடுக்க முடியுமா? ஹிட்ச்காக் செய்யவில்லையா?

---

மேகலா எழுதியது:

பித்தன், அதே ‘கே தெ ஓர்ஃபெவ்ர்’ படத்தில் லூயி ஜூவேயும், ‘ல சலேர்’ படத்தில் வனேலும் அறை வாங்காமலே நடிக்கவில்லையா? அவர்களை அறைந்ததாக ஒரு வரிகூட எங்கும் கிடைக்கவில்லை. யாரை அடிக்கலாம் யாரை அடிக்கக் கூடாது என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. அதற்குப் பெயர் மேதைமை இல்லை.

---

கத்திரி எழுதியது:

வேலை தெரிந்தவனாக ஒன்று சொல்கிறேன். புகையிலைக் காட்சிக்கு யாரையும் அடிக்க வேண்டியிருந்ததா? ஒரு காற்றாடியும் நேரக்கணக்கும் போதும். அவருடைய மிகச்சிறந்த இடங்களெல்லாம் தாளில் யோசித்து வைத்தவை. ஒவ்வொரு ஷாட்டையும் முன்கூட்டியே வரைந்து வைக்கிற ஆள். எனவே அடி கலைக்குத் தேவைப்பட்டது என்ற வாதம் அவர் படத்தை வைத்தே தோற்கிறது.

எண்ணெய்க் குட்டைக் காட்சியை மட்டும் என்னால் இப்படித் தள்ள முடியவில்லை. மாரியோவாக நடித்த மோந்தானும் ஜோவாக நடித்த வனேலும் நாள்கணக்கில் அந்தக் கரிய சேற்றில் கிடந்தார்கள், இருவருக்கும் கண் வீங்கிப்போனது. அந்த அருவருப்பு முகத்தில் இருக்கிறது. ஆனால் க்ளூஸோவும் அதே சேற்றில்தான் நின்றார். அது வேறு, அறை வேறு.

---

மட்டுறுத்துநர் எழுதியது:

‘லே தியாபொலிக்’ முடிவை எழுதிய இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். முடிவை நண்பர்களிடம் சொல்லாதீர்கள் என்று படத்தின் கடைசியிலேயே எழுத்துப் போட்டுக் கேட்டுக்கொள்கிறார்கள். 1955-இலிருந்து அமலில் உள்ள விதி. இங்கும் செல்லும்.

---

பழைய ரீல் எழுதியது:

மட்டுறுத்துநர் வாழ்க. படம் தொடங்கிய பிறகு அரங்கின் கதவைச் சாத்தும் வழக்கத்தை ஹிட்ச்காக் ‘சைக்கோ’வுக்குப் பயன்படுத்தியது 1960-இல். க்ளூஸோ அதை ஐந்து வருஷம் முன்பே செய்துவிட்டார். ‘லே தியாபொலிக்’கின் மூலம் புவலோ–நார்செழாக் இரட்டையரின் நாவல். அந்த இருவரின் இன்னொரு நாவலிலிருந்துதான் ஹிட்ச்காக் ‘வெர்டிகோ’ எடுத்தார். ஆகவே ஹிட்ச்காக் கணக்கில் இந்தப் படத்தை எழுதியவருக்குப் பாதி மன்னிப்பு.

மேகலா எழுதியதில் எனக்கு மறுப்பில்லை. நான் தொடங்கியதே அதற்குத்தான்.

---

குமரன் பாரிஸ் எழுதியது:

‘லான்ஃபெர்’ பற்றி ஒருத்தரும் எழுதேல்லை. அதில அவருக்கே அவற்றை முறை திரும்பி அடிச்சது.

1964. அமெரிக்கக் கம்பெனி கொலம்பியா, சோதனைப் படப்பிடிப்பைப் பாத்திட்டு, செலவு பற்றிக் கவலைப்படாதேங்கோ எண்டு சொல்லிப்போட்டுது. பொறாமை பிடிச்ச ஓட்டல்காரன், வடிவான மனிசி. செர்ஜ் ரெஜியானி, ரோமி ஷ்னைடர். சாதாரண காட்சி கறுப்பு வெள்ளை. அவன்ர பைத்தியம் வரேக்க நிறம். அந்த நிறத்துக்காக மாதக்கணக்கில சோதனை. ஏரித் தண்ணி சிவப்பாய்த் தெரியவேணும் எண்டா நிறத்தைத் தலைகீழாக்க வேணும். தோல் மட்டும் சரியாய் வர ரோமிக்கு நீல உதட்டுச் சாயம். இடம் கராபி ரயில் பாலத்துக்குக் கீழ உள்ள ஏரி. மின்சாரத்துக்காக ஏரியை வடிக்கப் போயினம் எண்டு நாள் குறிச்சிருந்தது. மூண்டு கேமராக் குழு ஆயத்தம். ஆனா இவர் ஒரு குழுவோட ஒரே காட்சியைத் திருப்பித் திருப்பி எடுக்க, மற்ற ரெண்டு குழுவும் சும்மா இருந்தவை. தனக்கு நித்திரை வராது எண்டு நடுச்சாமத்தில ஆக்களை எழுப்பி வேலை பேசுவார். ரெஜியானியை நாள் முழுக்க ஓட விட்டார். அவர் ஒரு நாள் வெளிக்கிட்டுப் போயிட்டார், திரும்பி வரேல்லை. அவற்றை இடத்துக்கு நடிகர் த்ரந்தின்யானைக் கூப்பிட்டவை, அவரும் நிக்கேல்லை. மூண்டு கிழமையில க்ளூஸோவுக்கு மாரடைப்பு. படம் அதோட சரி.

பிலிம் பெட்டிகள் 185. கனகாலம் பூட்டிக் கிடந்தது. செர்ஜ் ப்ரொம்பெர்க் எண்ட பழைய படம் சேகரிக்கிறவர், க்ளூஸோவின்ர ரெண்டாவது மனைவி இனெஸோட ஒரு லிப்டுக்க மாட்டுப்பட்டவர். வெளியில வரேக்க அனுமதி கிடைச்சிட்டுது. 2009-இல அந்தப் பெட்டிகளை வைச்சு ஒரு ஆவணப்படம் வந்தது, பிரெஞ்சு சினிமாவின்ர செசார் விருதும் எடுத்தது. அவ நடிச்சு முடிஞ்ச மற்றப் படங்களில இருக்கிறதை விட ரோமியின்ர முகம் அந்தச் சோதனைத் துண்டுகளில உயிரோட இருக்கு.

---

கத்திரி எழுதியது:

அந்த ஆவணப்படம் பார்த்திருக்கிறேன். வரம்பில்லாத பணம் கொடுத்தால் எல்லா இயக்குநரும் சிறந்த படம் எடுப்பார்கள் என்று நினைப்பவர்களுக்கு அதைப் போட்டுக் காட்ட வேண்டும். ‘ல சலேர்’ எடுத்தபோது மழையும் கடனும் அவரை நிறுத்தின. 1964-இல் ‘போதும்’ என்று சொல்ல யாரும் இல்லை.

அந்தத் திரைக்கதையை 1994-இல் க்ளோத் ஷப்ரோல் எடுத்தார். நல்ல படம்தான், ஆனால் சிவப்பு ஏரி இல்லை.

---

வக்கீல் சேகர் எழுதியது:

அதற்கு முன்பே அவர் தடுமாறத் தொடங்கிவிட்டார் இல்லையா? பிரெஞ்சு சினிமாவின் ‘புதிய அலை’யான நூவெல் வாக் இளைஞர்கள் வந்ததும் இவர் ‘பழைய தலைமுறை’ ஆகிவிட்டார். கேமராவைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடியவர்களுக்கு, ஒவ்வொரு ஷாட்டையும் வரைந்து வைக்கும் மனிதர் அலுவலகக் குமாஸ்தா போலத் தெரிந்திருப்பார். சோதனை செய்து காட்டுகிறேன் பார் என்ற வீம்பில்தான் ‘லான்ஃபெர்’ பிறந்தது என்று நினைக்கிறேன். அந்த இளைஞர்களில் முதல்வரான த்ரூஃபோ, சிறுவனாக ‘ல கோர்போ’வைத் திரும்பத் திரும்பப் பார்த்து வசனம் முழுதும் மனப்பாடமாகத் தெரிந்து வைத்திருந்தவர்.

---

பழைய ரீல் எழுதியது:

வீம்பு இருந்திருக்கும். ஆனால் சோதனை அவருக்குப் புதிதில்லை. 1955 கோடையில் நீஸ் நகரத்து விக்டோரின் ஸ்டூடியோவில் பிக்காசோவை உட்காரவைத்து ‘ல மிஸ்தேர் பிக்காசோ’ எடுத்தார். மை தாளின் மறுபக்கம் ஊறித் தெரியும். கேமரா அந்தப் பக்கம். ஓவியனும் தெரியமாட்டான், கையும் தெரியாது, கோடு மட்டும் தானாக வளரும். ஒளிப்பதிவு க்ளோத் ரெனுவார், ஓவியர் ரெனுவாரின் பேரன். ஒரு கட்டத்தில் பிலிம் சில நிமிஷத்துக்குத்தான் இருக்கிறது என்று க்ளூஸோ சொல்ல, பிக்காசோ நேரத்தோடு போட்டி போட்டு வரைகிறார். ஒரு மனிதன் வரைவதை வைத்தும் இவருக்குப் பதற்றம் உண்டாக்கத் தெரிகிறது! 1984-இல் பிரெஞ்சு அரசு அதை நாட்டின் சொத்தாக அறிவித்தது.

பித்தன் கவனத்துக்கு: பிக்காசோவை அவர் அறையவில்லை.

கடைசிக் காலம் சுருக்கமாக. இசை நடத்துநர் கரயானின் இசை நிகழ்ச்சிகளைத் தொலைக்காட்சிக்காகப் படம்பிடித்தார். 1968-இல் ‘லா ப்ரிஸொனியேர்’, அதுதான் கடைசிக் கதைப்படம். 1977 ஜனவரி 12-இல் பாரிஸ் வீட்டில் இறந்தார். மோன்மார்த்ர் கல்லறையில் வேராவுக்குப் பக்கத்தில் அடக்கம். அதே வருஷம் வில்லியம் ஃப்ரைட்கின் ‘ல சலேர்’ கதையை ‘சோர்சரர்’ என்று மறுபடி எடுத்து இவருக்குச் சமர்ப்பித்தார். இவர் பார்க்கவில்லை.

---

சினிமாப்பித்தன் எழுதியது:

சரி, ஆம்லெட்டை வாபஸ் வாங்குகிறேன். எதிலிருந்து தொடங்கலாம் என்று மட்டும் சொல்லுங்கள்.

---

கத்திரி எழுதியது:

‘ல சலேர்’. முழு நீளப் பதிப்பு கிடைத்தால் மட்டும். வெட்டியது என்றால் பார்க்காதே.

---

மேகலா எழுதியது:

நான் ‘கே தெ ஓர்ஃபெவ்ர்’ சொல்வேன், நேற்று ராத்திரிதான் பார்த்தேன். தடை முடிந்து 1947-இல் எடுத்த படம், வெனிஸில் சிறந்த இயக்குநர் பரிசு. மூல நாவல் கையில் கிடைக்காமல் ஞாபகத்திலிருந்து எழுதினார்களாம், கொலையாளியே மாறிப்போனான். கொலையை விட்டுத்தள்ளுங்கள். லூயி ஜூவேயின் இன்ஸ்பெக்டர் காலனியிலிருந்து கூட்டிவந்த பையனைத் தனியாக வளர்க்கிறார். இரவெல்லாம் விசாரணை, நடுவில் பையனின் ஜியோமிதிப் பரீட்சைக் கவலை. பக்கத்தில் டோரா என்ற புகைப்படக்காரி. அவள் சிநேகிதியை விரும்புகிறாள், சொல்ல முடியவில்லை. இன்ஸ்பெக்டர் அதைக் கண்டுபிடித்தும் கேலி செய்யவில்லை, பெண்கள் விஷயத்தில் நமக்கு ரெண்டு பேருக்கும் அதிர்ஷ்டமில்லை என்கிற மாதிரி ஒரு வார்த்தை. 1947-இல் எடுத்த படத்தில்!

எனக்கு இப்போது கோபம் கூடியிருக்கிறது. மனிதர்களை இவ்வளவு கனிவாகப் பார்க்கத் தெரிந்த ஆள், கேமராவுக்குப் பின்னால் ப்ளியேயின் கன்னத்தில் அறைந்தார் என்றால், தெரியாமல் செய்தார் என்ற சலுகையும் கிடையாது.

சேகர் சார், இரண்டாவது வழக்குக்கு எத்தனை வருஷம் போடுவீர்கள்?

---

வக்கீல் சேகர் எழுதியது:

வாய்தா கேட்கிறேன் மேடம். படத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன். பையன் ஜியோமிதியில் தேறினானா?

---

மேகலா எழுதியது:

இல்லை, ஃபெயில்.